அக்கா சுவரில் வரைந்த பானைகள்

படம் போட்டு விளக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நானும் அதே பிழைப்புதான் பிழைக்கிறேன் என்பது வேறு விஷயம். வெள்ளிமலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். தற்காலிக வேலை, சம்பளம் வரும்போது வரும். கரும்பலகையில் வட்டம் போட்டு நாலாகப் பிரித்து, ஒரு பங்கு எவ்வளவு என்று கேட்டால் பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் ஒரு சட்டிக் களியை ஏழு பேர் பிரிக்கும்போது யார் தட்டில் குறையும் என்பது அந்த வட்டத்தில் வராது. அதையும் சொல்லப் போனால் பாடம் நகராது. அதனால் வட்டத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

அக்கா என்னைப் போல இல்லை. அவளுக்குப் படம் என்றால் நம்பிக்கை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு வரி எழுத்தைக் கொடுத்தால் மடித்து என்னிடமே நீட்டிவிடுவாள். அதையே கோடு கிழித்துக் காட்டினால் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வாள். அவளுக்கு வழி சொல்வதென்றால்கூட நான் தரையில் குச்சியால் வரைந்துதான் சொல்வேன்.

சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் சாயங்காலம் அவள் வீட்டில் இருப்பேன். சங்கராபுரத்திலிருந்து உள்ளே போகும் சாலையில் இருக்கிறது அவள் ஊர். அம்மாவும் போன பிறகு எனக்குப் போக வேறு வீடு கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிற ஒரே ஆள் அக்காதான்.

அக்கா புருஷன் லாரி ஓட்டினார். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஆத்தூர் பக்கம் போனவர் ஒரு நாள் திரும்பவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தார். அந்த இரண்டு நாளில் எங்களைப் பார்த்து “உக்காருங்க, நான் சொல்றேன்” என்று சொன்னது ஒரே ஒரு நர்ஸ். மற்றவர்கள் எல்லாரும் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அக்கா மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் சாப்பிடும்போது, “நான் நர்சிங் படிக்கிறேன்மா” என்றாள். அக்கா அவளுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அந்தத் தட்டிலேயே அது முடிவாகிவிட்டது.

வங்கிக் கணக்கோடு சேர்த்துப் பிடித்திருந்த விபத்துக் காப்பீட்டில் ஒரு தொகை வந்தது. லாரி முதலாளியும் பேசி ஒரு தொகை கொடுத்தார். ஊரில் அதைப் பெரிய பணம் என்றார்கள். ஒரு பெண்ணைக் கல்லூரியில் சேர்த்துப் படிப்பு முடியும்வரை தாங்கும். அதற்கு மேல் ஒரு சோப்புக் கட்டி வாங்கக்கூட மிஞ்சாது. அக்கா நூறு நாள் வேலைக்கும் களை எடுக்கவும் போய்ச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டாள். அந்தப் பணத்துக்கு ஒரே ஒரு வேலைதான். மகள் பன்னிரண்டாவது முடித்த அன்றைக்கு அது கைக்கு வர வேண்டும்.

நான் தபால் நிலையத்தில் போடச் சொன்னேன். அக்கா சரி என்றாள். ஆனால் பணம் வந்தது தெரிந்ததிலிருந்து அவள் வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் அவள் புருஷனின் பங்காளிகள். சொந்த அண்ணன் ஒருவர், பெரியப்பா சித்தப்பா மக்கள் நாலு பேர், ஐந்து வீடு. யாரும் பொல்லாதவர்கள் இல்லை. சாவுக்குத் தோள் கொடுத்தவர்கள், வாய்க்கரிசி போட்டவர்கள். சும்மா வந்து உட்காருவார்கள், டீ குடிப்பார்கள், “பணத்த சும்மா பேங்குல போட்டு வெச்சா இன்னா வரப் போவுது” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற நாலு பேருக்கும் மனத்தாங்கல். யாருக்குமே கொடுக்காவிட்டால் ஐந்து பேருக்கும் மனத்தாங்கல். ஆம்பளை இல்லாத வீட்டுக்கு அது நல்லதல்ல.

அந்தச் சமயத்தில்தான் மகளிர் குழுக் கூட்டத்துக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். சின்ன வயது. தோளில் பை, கையில் சுருட்டிய சார்ட் காகிதங்கள். அன்று சனிக்கிழமை என்பதால் நானும் அக்காவோடு போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு முக்கோணம் போட்டார். ஒரு முனையில் பூட்டு வரைந்தார், ஒரு முனையில் செடி, ஒரு முனையில் கை. பூட்டு என்றால் பணம் பத்திரமாக இருப்பது. செடி என்றால் வளர்வது. கை என்றால் அவசரத்துக்கு உடனே எடுக்க வருவது.

“இந்த மூணும் ஒண்ணாக் கெடைக்காதும்மா. ரெண்டப் புடிச்சா மூணாவது நழுவும்” என்றார்.

“மூணும் வேணும்ன்னா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

“மூணும் தரேன்னு ஒருத்தன் வந்தான்னா, அவன்கிட்ட எதையும் குடுக்காதீங்க.”

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களிடம் அப்படி ஒருத்தன் ஏற்கெனவே வந்துபோயிருந்தான்.

அடுத்த காகிதத்தில் மேலும் கீழுமாக ஒரு கோடு. பங்குச் சந்தையில் போட்ட பணம் இப்படித்தான் ஏறி இறங்கும், பல வருஷம் பொறுத்தால் மேலே போக வாய்ப்பு உண்டு, நடுவில் பணம் தேவைப்பட்டால் எந்தப் பள்ளத்தில் மாட்டுவோம் என்று சொல்ல முடியாது என்றார். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தி அதை உற்றுப் பார்த்து, “வெள்ளிமல ரோடு மாதிரியில்ல கீது. எனக்குப் பாதியிலயே வாந்தி வந்துரும்பா” என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு, “அதேதாங்கம்மா. பாதியில எறங்க வேண்டியவங்க இந்த பஸ்ல ஏறக் கூடாது” என்றார். இவர் தேவலாம் போலிருக்கிறதே என்று எனக்கே தோன்றியது.

கடைசிக் காகிதம்தான் பானை. ஐந்து பானைகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர்.

“எல்லாத்தையும் ஒரே பானையில வெச்சா, அது ஒடைஞ்ச அன்னைக்கு ஒண்ணுமில்ல. பிரிச்சு வெச்சா, ஒண்ணு ஒடைஞ்சாலும் நாலு இருக்கும். ஒரு பானை நெலம், ஒரு பானை தங்கம், ஒரு பானை தபாலாபீஸ், இப்படி. எல்லாம் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. அதுதான் முக்கியம்.”

அவர் அந்தக் காகிதத்தைச் சுருட்டி எடுத்துப் போகும்வரை அக்கா அதிலிருந்து கண் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் நான் இறங்கி வந்தபோது அவள் வீட்டு அடுப்பங்கரைச் சுவரில் கரித்துண்டால் ஐந்து பானைகள் வரைந்து வைத்திருந்தாள். அவள் கைக்குப் பானை நன்றாக வரும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சின்னப் படம். என்னை நிற்க வைத்து விளக்கினாள். வகுப்பில் நான் நிற்கிற அதே நிற்பு.

முதல் பானையில் நெற்கதிர். மூத்தாரிடம், அதாவது புருஷனின் அண்ணனிடம், அரை ஏக்கர் போக்கியம். பணம் திரும்பி வரும்வரை நிலம் இவளுடையது போல. அவரே பயிர் வைத்து அறுப்புக்கு மூட்டை கொடுப்பார். அதுதான் பூட்டு. இரண்டாவதில் மாடு. இன்னொரு பங்காளி வீட்டில் கறவை மாடு வாங்கப் பணம், மாதம் பால் காசு. மூன்றாவதில் மரவள்ளிக் கிழங்கு. ஒருவர் மலையில் நிலம் குத்தகைக்கு எடுத்துக் கிழங்கு போடுகிறார், அதில் கூட்டு. “இது ஏறும், எறங்கும். அதனால கம்மியாதான் போட்டேன்” என்றாள். நான்காவதில் ஒரு மூட்டை. சங்கராபுரத்தில் உரக்கடை வைத்திருக்கிறவரிடம் பங்கு. அது செடி. ஐந்தாவதில் ஒரு கை. ஊரில் சீட்டு நடத்துகிற பங்காளியிடம் சீட்டு. வேண்டும்போது ஏலத்தில் கொஞ்சம் தள்ளி எடுக்கலாம்.

“தபாலாபீஸ் எங்கக்கா?” என்றேன்.

“எல்லாத்தையும் அங்க போட்டா அது ஒரே பானடி.”

“ஒரு பானையாவது அங்க போட்டிருக்கலாம்ல?”

“அப்போ இந்த அஞ்சு வூட்டுல எந்த வூட்ட வுடச் சொல்ற?”

பயிற்சியாளருக்குத் தெரியாமலேயே அவருடைய படம் அவளுடைய பெரிய சிக்கலைத் தீர்த்துவைத்திருந்தது. ஐந்து வீடு, ஐந்து பானை. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ‘ட்ரெய்னிங்ல சொன்னாங்க’ என்று ஒரே பேச்சில் எல்லாருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். பத்திரம் இருந்தது, வளர்ச்சி இருந்தது, கைக்கு வருவதும் இருந்தது. பயிர் வேறு, மாடு வேறு, கடை வேறு. மழை பொய்த்தால் உரக்கடை படுக்கும், பால் காசு வரும். கிழங்கு விலை சரிந்தால் நெல் இருக்கும். நான் கணக்கு டீச்சர். எனக்கே குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. சீட்டு நடத்துகிறவர் ஓடிவிட்டால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டேன். “நம்ம வூட்டு ஆளு எங்கடி ஓடுவாரு” என்றாள். அது உண்மைதான். இன்று வரை அவர் ஓடவில்லை.

பயிற்சியாளர் மறுபடி வந்தபோது குழுவில் யாரோ சொல்லி, அடுப்பங்கரைக்கே வந்து பார்த்தார். அக்காவைச் சுவரோரம் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். அக்கா தலை வாரி, வேறு புடவை கட்டிக்கொண்டு நின்றாள். புருஷன் போன பிறகு அவள் சிரித்து எடுத்த போட்டோ அது ஒன்றுதான்.

இரண்டு வருஷம் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அறுப்புக்கு மூட்டை வந்தது. பால் காசு வந்தது. கிழங்கில் ஒரு வருஷம் அடி, மறு வருஷம் சமன். அக்கா மகள் பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒரு தனியார் நர்சிங் கல்லூரியில் விண்ணப்பம் போட்டாள். இடம் கிடைத்ததும் முதல் தவணை கட்ட வேண்டும். அதற்குச் சீட்டை எடுப்பது, போதாததற்குக் கடைப் பங்கில் கேட்பது என்று அக்கா கரித்துண்டால் பானைகளுக்குக் கீழே வரிசை போட்டு வைத்திருந்தாள்.

அப்போதுதான் பெரியவர் இறந்தார். அக்காவின் மாமனாருக்கு அண்ணன், அந்த ஐந்து வீட்டுக்கும் மூத்தவர். நிறைந்த வயது, படுக்கையில் கிடக்காமல் போனார். கல்யாணச் சாவு என்று பேண்டு வைத்தார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை மாலை போட்டுவிட்டுத் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மலை ஏறிவிட்டேன். யாருக்கும் பெரிய துக்கம் இல்லை. எனக்கும் இல்லை.

மறுநாள் கல்லூரியிலிருந்து போன் வந்திருக்கிறது. இடம் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் முதல் தவணை கட்ட வேண்டும் என்று.

அன்றைக்கே மலையில் மழை பிடித்துக்கொண்டது. மரம் விழுந்து கரண்ட் போனது, கரண்ட் போனால் டவர் போகும். அந்த வாரம் முழுவதும் என் போன் ஒரு சீப்பு போலக் கிடந்தது. ஆகவே இனி சொல்வது நான் பார்த்ததல்ல. அக்காவும் அவள் மகளும் சொல்லிக் கேட்டது.

அக்கா முதலில் சீட்டு நடத்துகிறவரிடம் போனாள். அவர் வாசலுக்கு வந்து, “தீட்டுக்குள்ள சீட்டு ஏலம் கூற மாட்டம்மா. காரியம் முடிஞ்சிதான்” என்றார். உரக்கடை ஷட்டர் இறக்கியிருந்தது. மாட்டு வீட்டில் பாலையே வெளியே விற்காமல் கன்றுக்கு விட்டிருந்தார்கள். கிழங்குக்காரர் தலைக்கு எண்ணெய்கூட வைக்காமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கம் அது வழக்கம். பங்காளிகளில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை எல்லாப் பங்காளி வீட்டுக்கும் தீட்டு. வீட்டிலிருந்து பணம், தானியம் எதுவும் வெளியே போகாது. நல்ல காரியம் எதற்கும் கை வைக்கமாட்டார்கள்.

கடைசியில் மூத்தாரிடம் போனாள். அவர் நல்ல மனிதர். ஒரு நாளும் அவளை ஏக வசனத்தில் அதட்டியதில்லை.

“வெள்ளிக்கெழம கடைசி நாளுங்க மாமா.”

“தெரியுதும்மா. தீட்டு வூட்டுப் பணத்துலயா பொண்ணு படிப்ப ஆரம்பிக்கறது? அது நாளைக்கி நாலு உசுர காப்பாத்தப் போற படிப்பு. காரியம் முடியட்டும், மறுநாளே நான் குடுக்கறேன்.”

“அதுக்குள்ள எடம் போயிட்டா?”

“காலேஜு எங்கம்மா போயிடப் போவுது? அங்கதான இருக்கும்.”

அக்கா திரும்பி வந்துவிட்டாள். சண்டை போடவில்லை. ஏன் போடவில்லை என்று பிறகு நான் கத்தினேன். “எனக்கும் மனசு ஒப்பலடி. அவரு சொன்னதும் நாயம்தான” என்றாள். புருஷனை அப்படிப் பறிகொடுத்தவள். மகள் படிப்புக்குக் கட்டுகிற முதல் ரூபாயில் சாவு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று அவளும் பயந்தாள். அந்தப் பயத்தை எந்தச் சார்ட் காகிதத்தில் எந்த மூலையில் வரைவது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அந்தத் தீட்டு கிடையாது. நான் அக்காவின் பிறந்த வீட்டு ஆள். என் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தால் முதல் தவணை வந்திருக்கும், அந்தப் பணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இது அக்கா மகளுக்கு வியாழக்கிழமை காலையில் தோன்றியிருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி மலையடிவாரம் வரை வந்திருக்கிறாள். பாதை அடைபட்டு பஸ் நின்றுவிட்டது. ஜீப்காரர்கள் ஏற மாட்டோம் என்றார்கள். சாயங்காலம் வரை அங்கே ஒரு டீக்கடையில் நின்றுவிட்டு நனைந்துகொண்டு திரும்பிப் போனாள். நான் மேலே என் அறையில் மெழுகுவத்தி வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பாதை திறந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நிறுத்தத்துக்கு எதிரே புதிதாக ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தது தெரிந்தது. கண்ணீர் அஞ்சலி. நடுவில் பெரியவர் படம், பெரிதாக. அதற்குக் கீழே வரிசையாக ஐந்து வட்டம். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு முகம். மூத்தார், மாட்டுக்காரர், கிழங்குக்காரர், கடைக்காரர், சீட்டுக்காரர். ஐந்து பேரையும் சுற்றி ஒரே கறுப்புக் கோடு போட்டிருந்தான் அச்சடித்தவன்.

இன்னும் யாரும் எனக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கல்லூரி போன் பண்ணியதே எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஐந்து வட்டத்தையும் இரண்டு தடவை எண்ணினேன். அக்கா வீட்டு அடுப்பங்கரைச் சுவர்தான் அது. அதில் இல்லாத ஒரு கோடு இதில் இருந்தது. நான் வேகமாக நடந்தேன்.

வீட்டில் அக்கா மகள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். அக்கா நடந்ததைச் சொன்னாள். நான் அவளைத் திட்டினேன், மூத்தாரைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். மகள் போர்வைக்குள்ளிருந்து, “விடு சித்தி, திங்கக்கெழம போய்க் கேட்டுப் பாக்கலாம்” என்றாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுச் சங்கிலியை அடகு வைத்துப் பணத்தோடு போனோம். அலுவலகத்தில் இருந்தவர் எங்களை உட்காரச் சொல்லித்தான் பேசினார். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வெச்சிருந்தோம் மேடம். அடுத்து இருந்த பொண்ணு கட்டிடுச்சு. அடுத்த வருஷம் முன்கூட்டியே வாங்க.” தீட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன? அவர் விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அடுத்த வருஷம்தானே, பணம் எங்கும் போய்விடவில்லையே என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். ஒரு பானையும் உடையவில்லை. பயிர் நின்றது, மாடு கறந்தது, கடையில் மூட்டை இருந்தது. ஐந்தும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன, அவ்வளவுதான். காரியம் முடிந்தால் திறந்துவிடும் என்று நினைத்தோம்.

காரியம் முடிந்து கறிச்சோறு போட்ட அன்று சாயங்காலம் ஐந்து பேரும் பந்தலிலேயே உட்கார்ந்து பேசினார்கள். நிலம் முழுவதும் பெரியவர் பெயரில் பிரிக்காத ஒரே பட்டாவாக இருந்தது. அவர் இருந்தவரை யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது பிரிக்க வேண்டும். கிணறு யார் பங்கில் வருவது என்று ஆரம்பித்த பேச்சு, பந்தல் கால்களைப் பிடுங்குவதற்குள் கைகலப்பாகிவிட்டது. பிறகு வக்கீல், சர்வேயர், கோர்ட்டு. அக்காவின் அரை ஏக்கர் எந்தப் பங்கில் வருகிறது என்பதே வழக்காகிவிட்டது. வக்கீல் செலவுக்கு மாடு போனது. கடைக்காரர் சரக்கு எடுப்பதை நிறுத்தினார். ஐந்து பேரும் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதால் சீட்டில் பாதிப் பேர் கட்டவில்லை. அக்கா யாரிடம் போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான்: “பாகம் முடியட்டும்மா.”

ஒரு முறை மூத்தார் மட்டும் கொஞ்சம் மனம் இறங்கினார். “பணமா இப்ப முடியாதும்மா. பொண்ணுக்கு ஒரு நல்ல எடமாப் பாத்து வெச்சா, கல்யாணத்த நான் முன்ன நின்னு செய்றேன்” என்றார். அக்கா அதை என்னிடம் சொல்லும்போது அவள் மகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த வாரமே தோழி ஒருத்தியோடு போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் உதிரிபாகம் செய்கிற கம்பெனி. தங்குமிடம் உண்டு, சாப்பாடு உண்டு. எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளை ஏற்றிப் போக வேனே வரும்.

“ஒரு வருசம்தான்மா. நானே சேத்துக் கட்டிக்கிறேன்” என்றாள்.

வேன் விடியற்காலையில் வந்தது. அக்கா முறுக்கும் ஊறுகாயும் கட்டிக்கொடுத்தாள். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள். நான் அழுதேன். அக்கா அழவில்லை, வேன் போன பிறகு வீட்டுக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் துலக்கினாள்.

அதன் பிறகு மாதாமாதம் பணம் வந்தது. முதல் இரண்டு மாதம் அக்கா அதைத் தொடவில்லை, தபால் நிலையத்தில் மகள் பெயரில் போட்டாள். நான் சொன்ன இடத்துக்குக் கடைசியில் வந்துவிட்டாளே என்று என்னால் சிரிக்கக்கூட முடியவில்லை. மூன்றாம் மாதம் அக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்து களை எடுக்க முடியவில்லை. ஸ்கேன், மாத்திரை, வேலைக்குப் போகாத நாள்கள். பிறகு கூரை ஒழுகியது. பிறகு வழக்கில் அவளையும் ஒரு தரப்பாகச் சேர்த்து நோட்டீஸ் வந்தது, அதற்கு ஒரு வக்கீல். மீட்காமல் வைத்திருந்த என் சங்கிலிப் பணமும் அதில் போனது. என் சம்பளம் நிலுவையில் இருந்த மாதங்களில் என் சங்கிலிக்கு வட்டி கட்டியதும் அந்தப் பெண்தான்.

பயிற்சியாளர் இன்னமும் அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போகிறாராம். சுவரோரம் நிற்கிற அக்காவின் போட்டோவைக் காட்டி, படிக்காத ஒரு பெண் எவ்வளவு அழகாகப் பிரித்து வைத்திருக்கிறார் பாருங்கள் என்று சொல்வாராம். கேட்டதும் கோபம் வந்தது. எனக்கு அவர் போன் நம்பர் கிடைத்தது. கூப்பிடவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. எல்லாம் ஒரே மாதிரி இருக்கக் கூடாது, அதுதான் முக்கியம் என்றாரே. நெல்லும் மாடும் கடையும் வேறு வேறு என்று அக்கா பார்த்தாள், நான் பார்த்தேன், நேரில் வந்து நின்று அவரும் பார்த்தார். ஐந்து வீட்டிலும் அடுப்பு ஒரே நாளில் அணையும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தைத்தான் ஒருத்தரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுபடி விண்ணப்பம் போடுகிற காலம் வந்தது. சனிக்கிழமை நான் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். அக்கா மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பின்னால் இயந்திரச் சத்தம் இல்லை, ஷிப்ட் முடிந்திருந்தது.

“பாரம் வந்துடுச்சிடி. சித்தி கொண்டாந்துகீறா. கையெழுத்துப் போட எப்ப வர?” என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“வேணாம்மா” என்றாள். “இங்க லைன் லீடராப் போடறேன்னு சொல்லிக்கினு கீறாங்க. கொஞ்சம் ஜாஸ்தியா வரும்.”

“அதுக்கு? படிப்பு?”

“நான் வந்து காலேஜில உக்காந்துட்டா மாசாமாசம் வூட்டுக்கு யாரும்மா அனுப்புவா? ஒனக்கு மாத்தர? கேசு? சித்தி செயினு?”

“அத நாங்க பாத்துக்கறோம்” என்றேன் நான். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

“எப்டி சித்தி?” என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் கணக்குப் புரியாத பிள்ளை கேட்பது போல, நான் சொன்னால் புரிந்துகொள்கிறேன் என்பது போலக் கேட்டாள். நான் படிவத்தைப் புரட்டினேன். “சரி, சாப்பாட்டு பெல் அடிக்குது, வெக்கிறேன்” என்று அவளே வைத்துவிட்டாள்.

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பானைகளின் மேல் புகை படிந்து, மாடு எது, மூட்டை எது என்று தெரியாமல் மங்கிப் போயிருந்தன.

“எல்லாத்தையும் ஒரே எடத்துல வெக்காதன்னு அந்தத் தம்பி படம் போட்டுச் சொல்லிச்சே” என்றாள். “இப்ப வெச்சிட்டேன்டி. சோறு, மருந்து, கூர, கேசு, எல்லாத்தையும். அவ ஒருத்தி மேல.”

நான் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மாதம் மகள் அனுப்பிய பணத்தில் வாங்கிய அரிசிதான். அக்கா முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், கழுவி வைத்திருந்ததை எடுத்துப் போட்டாள்.